இரண்டு சிஸ்டம், ஒரே புக்மார்க், ஒரே மெயில்

ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து குடியிருப்பது இன்று அபூர்வமான விஷயம் அல்ல. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத லேப்டாப் வைத்திருப்பவர்கள், பழைய விண்டோஸை அழிக்க மனமில்லாமல் பக்கத்திலேயே லினக்ஸ் மின்டையோ உபுண்டுவையோ போட்டுக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டுக்கு இந்த ஏற்பாடு புதிதும் இல்லை. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க கால லேப்டாப்புகளில் விண்டோஸுடன் சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது.

இரண்டு சிஸ்டம் போட்ட முதல் வாரம் உற்சாகமாகப் போகும். அதற்குப் பிறகுதான் தொல்லை தலைகாட்டும். வங்கிப் பக்கத்தின் புக்மார்க் விண்டோஸில் இருக்கிறது. நேற்று சேமித்த கட்டுரை லினக்ஸில் இருக்கிறது. போன மாதம் வந்த இன்சூரன்ஸ் மெயிலை எந்தப் பக்கம் இறக்கினோம் என்று தெரியவில்லை. இரண்டு பக்கமும் மாறி மாறி ரீஸ்டார்ட் செய்து தேடுகிறோம். பலர் கடைசியில் லினக்ஸை விட்டுவிடுவது லினக்ஸ் பிடிக்காததால் அல்ல. தங்கள் பொருள்கள் அங்கே இல்லாததால்தான்.

இதைச் சரிசெய்யும் முன் ஒரு கேள்விக்குப் பதில் முடிவு செய்துகொள்ளுங்கள்: மூலம் எங்கே இருக்கப் போகிறது? உங்கள் புக்மார்க்குகளின் மூலப் பிரதி, உங்கள் மெயிலின் மூலப் பிரதி, ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும். அந்த இடம் இணையத்தில் உள்ள சர்வராக இருக்கலாம். இரண்டு சிஸ்டமும் படிக்கக்கூடிய பொதுவான பார்ட்டிஷனாக இருக்கலாம். விண்டோஸில் ஒரு மூலம், லினக்ஸில் ஒரு மூலம் என்று வைத்துக்கொண்டு, அவ்வப்போது இங்கிருந்து அங்கே காப்பி செய்துகொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இரண்டு மாதத்தில் எது புதியது, எது பழையது என்று தெரியாமல் திண்டாடுவார்கள். பொதுவாகச் சொன்னால், புக்மார்க்குக்குச் சர்வர் நல்லது. மெயிலுக்கும் சர்வர்தான் நல்லது. பொதுப் பார்ட்டிஷன் என்பது வேறு வழியில்லாதவர்களுக்கும், தங்கள் தகவல் இன்னொருவர் கம்ப்யூட்டரில் இருக்கக் கூடாது என்று உறுதியாக நினைப்பவர்களுக்கும் உரியது. அதையும் விரிவாகவே சொல்கிறேன். தவறு நடக்கும் இடங்கள் அதில்தான் அதிகம்.

புக்மார்க்

ஃபயர்ஃபாக்ஸ், குரோம், எட்ஜ் மூன்றும் விண்டோஸிலும் லினக்ஸிலும் கிடைக்கின்றன. இரண்டு சிஸ்டத்திலும் ஒரே பிரவுசரை வைத்து, ஒரே கணக்கில் நுழைந்து, சிங்க் வசதியை இயக்கினால் வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு விதிவிலக்கு மட்டும்: லினக்ஸின் சாஃப்ட்வேர் பட்டியலில் குரோமியம் என்ற பெயரில் கிடைப்பது குரோம் அல்ல. 2021 மார்ச் முதல் கூகுள் தன் சிங்க் வசதியை குரோமியத்துக்குத் தருவதில்லை. குரோமியத்தைப் போட்டுவிட்டு ‘சைன் இன்’ பட்டனைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்; குரோமையே இறக்கிக்கொள்ளுங்கள், அல்லது ஃபயர்ஃபாக்ஸுக்கு வாருங்கள்.

சிங்கை இயக்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. இரண்டு சிஸ்டத்திலும் ஏற்கெனவே தனித்தனியாகப் புக்மார்க் சேர்ந்திருந்தால், இரண்டையும் தனித்தனி ஃபைலாக வெளியே எடுத்து வையுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஃபயர்ஃபாக்ஸிலும் குரோமிலும் புக்மார்க் மேலாண்மைப் பக்கம் திறக்கும். அங்கே எச்டிஎம்எல் ஃபைலாக ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது. இந்த ஃபைலின் வடிவம் நெட்ஸ்கேப் என்ற பழைய பிரவுசரின் காலத்தில் பிறந்தது. இன்றும் அதன் முதல் வரியில் நெட்ஸ்கேப் என்ற பெயர் இருக்கும். அதனால்தான் எந்தப் பிரவுசரில் எடுத்தாலும் மற்ற எல்லாப் பிரவுசரும் அதைப் படிக்கின்றன.

ஃபயர்ஃபாக்ஸின் அந்தப் பக்கத்தில் ‘இம்போர்ட்’ என்றும் ‘ரீஸ்டோர்’ என்றும் இரண்டு கட்டளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டும் ஒன்றல்ல. எச்டிஎம்எல் ஃபைலை இம்போர்ட் செய்தால் அதில் உள்ளவை, இருப்பவற்றோடு சேரும். பேக்கப்பை ரீஸ்டோர் செய்தால் இப்போது இருப்பவை முழுவதும் போய், பேக்கப்பில் இருந்தவை மட்டுமே நிற்கும். லினக்ஸில் எடுத்த பேக்கப்பை விண்டோஸில் ரீஸ்டோர் செய்து, விண்டோஸில் இருந்ததை எல்லாம் தொலைத்துவிட்டு, சிங்கும் ஓடிக்கொண்டிருந்தால் அந்த இழப்பு சர்வருக்கும் பரவிவிடும். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். அப்படியே நடந்துவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது: ஃபயர்ஃபாக்ஸ் தானாகவே தேதி வாரியாகப் புக்மார்க் பேக்கப்புகளை எடுத்து வைக்கிறது, வழக்கமாக 15 வரை வைத்திருக்கும். அதே ரீஸ்டோர் மெனுவில் அந்தத் தேதிகள் தெரியும்.

எடுத்து வைத்தாயிற்றா? இப்போது, புக்மார்க் அதிகம் உள்ள சிஸ்டத்தில் முதலில் கணக்கில் நுழையுங்கள். அது முழுவதும் சர்வருக்குப் போகும் வரை பொறுத்திருங்கள். பிறகு மற்ற சிஸ்டத்தில் நுழையுங்கள். இரண்டும் கலக்கும். கலந்த பிறகு ஒரே முகவரி இரண்டு ஃபோல்டரில் நிற்பது சகஜம்; அதை ஒரு மாலை உட்கார்ந்து களைந்துவிடலாம். பெரிய பட்டியல் உள்ளவர்கள், சிறிய பக்கத்தில் உள்ளதைக் காலி செய்துவிட்டு நுழைவதே நல்லது. ஏற்றுமதி செய்த ஃபைல் கையில் இருப்பதால் பயமில்லை.

எதைச் சிங்க் செய்வது என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் எல்லாவற்றையும் டிக் செய்துவிட வேண்டாம். புக்மார்க், பாஸ்வேர்ட் இரண்டும் வேண்டும். ஹிஸ்டரி உங்கள் விருப்பம். ‘செட்டிங்ஸ்’ என்பதை மட்டும் நான் எடுத்துவிடச் சொல்வேன். விண்டோஸில் இதமாக இருக்கும் எழுத்தளவு லினக்ஸ் திரையில் இதமாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஃபயர்ஃபாக்ஸ் சிங்கில் உங்கள் தகவல் உங்கள் கம்ப்யூட்டரிலேயே மறையாக்கம் செய்யப்பட்ட பிறகுதான் வெளியே போகிறது. அதைத் திறக்கும் சாவி உங்கள் பாஸ்வேர்டிலிருந்து உருவாவது. ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மோசில்லாவாலும் படிக்க முடியாது. இதற்கு ஒரு விலை உண்டு: பாஸ்வேர்டை மறந்து புதிதாக மாற்றினால், சர்வரில் இருந்த பிரதியைத் திறக்க முடியாமல் போகும். கணக்குப் பக்கத்தில் ‘ரெக்கவரி கீ’ உருவாக்கும் வசதி இருக்கிறது. அதை உருவாக்கி, தாளில் எழுதி, வீட்டில் பத்திரம் வைக்கும் இடத்தில் வையுங்கள். கம்ப்யூட்டரிலேயே சேமித்து வைப்பதில் பயனில்லை.

ஒரு நிறுவனத்தின் சிங்கை மட்டுமே நம்பியிருப்பதிலும் ஆபத்து இருக்கிறது. பல பிரவுசர்களுக்கு இடையே புக்மார்க்கை ஒத்திசைத்துக் கொடுத்த எக்ஸ்மார்க்ஸ் என்ற சேவை 2018 மே 1-ஆம் தேதி மூடப்பட்டது. பல ஆண்டு பழகியவர்கள் மாற்று வழி தேட வேண்டியதாயிற்று. விண்டோஸில் குரோம், லினக்ஸில் ஃபயர்ஃபாக்ஸ் என்று வெவ்வேறு பிரவுசர் வைத்திருப்பவர்களுக்கு இன்று ஃப்ளாக்கஸ் என்ற திறமூல எக்ஸ்டென்ஷன் அந்த வேலையைச் செய்கிறது. புக்மார்க்குகளை அது உங்கள் சொந்த நெக்ஸ்ட்கிளவுட் சர்வரிலோ வெப்டேவ் இடத்திலோ வைக்கும். எந்தச் சிங்க் ஆனாலும் மாதம் ஒருமுறை எச்டிஎம்எல் ஃபைலாக ஏற்றுமதி செய்து வைப்பதை விடாதீர்கள். சிங்க் என்பது பேக்கப் அல்ல. நீங்கள் தவறிப்போய் அழித்தால், அந்த அழிப்பையும் அது உண்மையாகவே மற்ற பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

மெயில்

மெயிலில் எல்லாமே ஒரு தேர்வைப் பொறுத்தது: ஐமேப்பா, பாப்பா. 1986-இல் மார்க் கிரிஸ்பின் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கிய ஐமேப் முறையில் மெயில் சர்வரிலேயே இருக்கும். உங்கள் மென்பொருள் அதைப் பார்க்கும் ஜன்னல் மட்டுமே. படித்தது, அழித்தது, ஃபோல்டரில் போட்டது எல்லாம் சர்வரில் பதிவாகும். பாப் முறையில் மெயில் உங்கள் டிஸ்குக்கு இறங்கும். இறங்கியதும் சர்வரில் அழிந்துவிடலாம். இரண்டு சிஸ்டம் வைத்திருப்பவருக்கு எது வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை.

ஐமேப் வைத்திருப்பவர்கள் இரண்டு பக்கமும் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளைப் போட்டு, மெயில் முகவரியைக் கொடுத்தால் போதும். பிரபல நிறுவனங்களின் சர்வர் விவரங்கள் தானாகவே நிரம்பும். நிரம்பாவிட்டால், ஐமேப்புக்கு 993, அனுப்புவதற்கு 465 அல்லது 587 என்ற போர்ட் எண்களை நீங்களே கொடுக்கலாம். ஜிமெயிலுக்குப் பாஸ்வேர்ட் கேட்டால், தண்டர்பேர்டுக்குள் கூகுளின் நுழைவுப் பக்கமே திறக்கும். அங்கே அனுமதி கொடுக்க வேண்டும். சாதாரணப் பாஸ்வேர்டை நேரடியாக ஏற்கும் பழைய முறையைக் கூகுள் தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே மாத இறுதியில் நிறுத்திவிட்டது. விண்டோஸில் ஒருமுறை, லினக்ஸில் ஒருமுறை என்று இரண்டு முறை அனுமதி கொடுக்க வேண்டியிருக்கும். அது பிழை அல்ல.

ஐமேப்பிலும் சர்வருக்குப் போகாதவை சில உண்டு. மெயில் ஃபில்டர்கள், கையொப்பம், தண்டர்பேர்டின் சொந்த அட்ரஸ் புக், அதன் உள்ளூர்க் காலண்டர் ஆகியவை எந்த சிஸ்டத்தில் செய்தீர்களோ அங்கேயே நிற்கும். ஃபில்டரை ஜிமெயிலின் வெப் பக்கத்தில் போய் உருவாக்குங்கள். அது சர்வரில் ஓடும், கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் வேலை செய்யும். முகவரிகளைக் கார்ட்டேவ் வழியாகவும் காலண்டரைக் கால்டேவ் வழியாகவும் கணக்கோடு இணைத்துவிட்டால் அவையும் சர்வருக்குப் போய்விடும். கையொப்பம் இரண்டு வரிதானே, இரண்டு பக்கமும் தட்டிக்கொள்ளுங்கள்.

பாப் பயன்படுத்துகிறவர்களின் நிலை வேறு. தண்டர்பேர்ட் எந்த மெயில்களை ஏற்கெனவே இறக்கியது என்ற குறிப்பைத் தன் ஃபோல்டரில் ‘பாப்ஸ்டேட்’ என்ற சிறு ஃபைலில் எழுதிவைக்கிறது. விண்டோஸ் தண்டர்பேர்டுக்கு ஒரு குறிப்பு. லினக்ஸ் தண்டர்பேர்டுக்கு இன்னொன்று. ஒன்றுக்கு மற்றது தெரியாது. ‘லீவ் மெசேஜஸ் ஆன் சர்வர்’ என்ற டிக் இல்லாமல் திங்கட்கிழமை விண்டோஸில் மெயில் இறக்கினால், செவ்வாய்க்கிழமை லினக்ஸில் அந்த மெயில் வராது. டிக் இருந்தாலும், பக்கத்தில் எத்தனை நாள் வைத்திருப்பது என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் உள்ள நாள் கணக்குக்குள் நீங்கள் மற்ற சிஸ்டத்தைத் திறக்காவிட்டால், இடையில் வந்த மெயில்கள் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். அனுப்பிய மெயிலோ எப்படியும் அனுப்பிய பக்கத்தில்தான். ஜிமெயிலில் பாப் வழியாக எடுத்தால் இன்னொரு சிக்கல்: ஒரு மென்பொருள் இறக்கிய மெயிலை ஜிமெயில் அடுத்ததற்குக் காட்டாது. பயனர் பெயருக்கு முன்னால் ‘ரீசன்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லையும் முக்காற்புள்ளியையும் சேர்த்தால், கடைசி 30 நாள் மெயில்கள் மட்டும் இரண்டுக்கும் வரும்.

இவ்வளவு ஒட்டுப்போடுவதைவிட ஐமேப்புக்கு மாறிவிடுவது மேல். தண்டர்பேர்டில் பாப் கணக்கை அப்படியே ஐமேப்பாக மாற்ற முடியாது. அதே முகவரிக்கு ஐமேப் கணக்கைப் புதிதாகச் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு பழைய ஃபோல்டரில் உள்ள மெயில்களைத் தேர்ந்தெடுத்து ஐமேப் ஃபோல்டருக்குக் காப்பி செய்யுங்கள். ‘மூவ்’ வேண்டாம், ‘காப்பி’ போதும். நடுவில் இணையம் அறுந்தால் மூலம் கையில் இருக்கும். ஐந்நூறு, ஆயிரம் என்று பகுதி பகுதியாக அனுப்புங்கள். அதற்கு முன் சர்வரில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஜிமெயில் இலவசமாகத் தரும் 15 ஜிபி, டிரைவுக்கும் போட்டோவுக்கும் சேர்த்துத்தான்.

ஒரே புரொஃபைல், பொதுப் பார்ட்டிஷன்

சர்வரில் இடமில்லை, அல்லது இருபது வருட மெயில் டிஸ்கிலேயே இருக்கிறது, அல்லது இணையம் சரிவரக் கிடைப்பதில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு உரியது இந்த வழி. ஃபயர்ஃபாக்ஸும் தண்டர்பேர்டும் உங்கள் சொந்தத் தகவல் அனைத்தையும் ‘புரொஃபைல்’ என்ற ஒரே ஃபோல்டரில் வைக்கின்றன. புக்மார்க்கும் ஹிஸ்டரியும் ‘பிளேசஸ்’ என்ற ஒரு டேட்டாபேஸ் ஃபைலில் இருக்கின்றன. சேமித்த பாஸ்வேர்டுகள் ‘லாகின்ஸ்’ ஃபைலில். அவற்றைத் திறக்கும் சாவி ‘கீ4’ ஃபைலில். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் காப்பி செய்தால் பாஸ்வேர்ட் ஒன்றும் கிடைக்காது. தண்டர்பேர்டில் மெயில்கள் ‘மெயில்’, ‘ஐமேப்மெயில்’ என்ற உள் ஃபோல்டர்களில் இருக்கும். இந்த ஃபைல்களின் வடிவம் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒன்றே. ஆகவே ஃபோல்டரைப் பொது இடத்தில் வைத்து, இரண்டு சிஸ்டத்திலும் ‘உன் புரொஃபைல் இங்கே இருக்கிறது’ என்று காட்டினால், இரண்டும் அதையே திறக்கும்.

குரோமில் இதை முயல வேண்டாம். குரோம் தன் பாஸ்வேர்டையும் குக்கியையும் விண்டோஸில் விண்டோஸின் சாவியாலும், லினக்ஸில் லினக்ஸின் சாவிப்பெட்டியாலும் பூட்டுகிறது. ஒன்றின் பூட்டு மற்றதில் திறக்காது.

முதலில் பார்ட்டிஷன். விண்டோஸ், லினக்ஸின் சொந்த வடிவமான எக்ஸ்ட்4-ஐ இயல்பாகப் படிப்பதில்லை. லினக்ஸோ விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸில் நன்றாகப் படித்து எழுதும். எனவே பொதுப் பார்ட்டிஷன் என்டிஎஃப்எஸ்ஸாக இருக்கட்டும். எக்ஸ்ஃபேட் வேண்டாம், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் தன்னைச் சரிசெய்துகொள்ளும் ஜர்னல் வசதி அதில் இல்லை. ஃபேட்32 அறவே கூடாது. ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. தண்டர்பேர்ட் வழக்கமாக ஒரு மெயில் ஃபோல்டர் முழுவதையும் ஒரே ஃபைலாக வைப்பதால், பெரிய இன்பாக்ஸ் அந்த எல்லையில் போய் முட்டிக்கொள்ளும். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் புரொஃபைலை வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். திறந்திருக்கும் டேட்டாபேஸைப் பாதி எழுதிய நிலையில் தூக்கிக்கொண்டு போய், புரொஃபைலையே அந்த டிரைவ் கெடுத்துவிடும்.

அடுத்தது, இந்த அத்தியாயத்திலேயே மிக முக்கியமான செட்டிங். விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒரு வசதி இருக்கிறது. நீங்கள் ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாது. தன் உள்நிலையை டிஸ்கில் எழுதிவிட்டுத் தூங்கப் போகும். டிஸ்க் பார்ட்டிஷன்கள் தன் கையில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் லினக்ஸ் உள்ளே போய் எழுதினால், அடுத்த முறை விண்டோஸ் எழும்போது தன் பழைய நினைவின்படி எழுதி எல்லாவற்றையும் குழப்பும். இதைத் தவிர்க்கவே லினக்ஸ் பெரும்பாலும் அந்தப் பார்ட்டிஷனைப் ‘படிக்க மட்டும்’ என்ற நிலையில் திறக்கிறது. அப்போது ஃபயர்ஃபாக்ஸைச் சொடுக்கினால், ‘ஃபயர்ஃபாக்ஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, பதிலளிக்கவில்லை’ என்ற பொருளில் ஒரு செய்தி வரும். எதுவும் ஓடிக்கொண்டிருக்காது. புரொஃபைலுக்குள் பூட்டு ஃபைலை எழுத முடியாததால் வரும் செய்தி அது. கன்ட்ரோல் பேனலில் ‘பவர் ஆப்ஷன்ஸ்’, அதற்குள் ‘சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ’ போய், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள். விண்டோஸை ஹைபர்னேட் செய்துவிட்டு லினக்ஸுக்குப் போவதையும், லினக்ஸில் பிரவுசர் திறந்திருக்க ஹைபர்னேட் செய்துவிட்டு விண்டோஸுக்குப் போவதையும் அடியோடு விட்டுவிடுங்கள்.

லினக்ஸில் அந்தப் பார்ட்டிஷன் கம்ப்யூட்டர் எழும்போதே ஒரு நிலையான இடத்தில் இணைய வேண்டும். ஃபைல் மேனேஜரில் சொடுக்கிய பிறகு இணைவது போதாது; அதற்கு முன் தண்டர்பேர்டைத் திறந்துவிட்டால் அது புரொஃபைலைக் காணாமல் தவிக்கும். ‘டிஸ்க்ஸ்’ என்ற மென்பொருளில் பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து, ‘எடிட் மவுன்ட் ஆப்ஷன்ஸ்’ போனால் இதைக் கட்டளை எதுவும் தட்டாமலே செய்துவிடலாம். ஃபைல்களின் உரிமையாளர் உங்கள் லினக்ஸ் பயனராக இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்றைய பெரும்பாலான லினக்ஸில் முதல் பயனரின் எண் 1000.

இப்போது இடமாற்றம். ஃபயர்ஃபாக்ஸில் உதவி மெனுவிலிருந்து ‘டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்’ பக்கத்தைத் திறங்கள். அங்கே ‘புரொஃபைல் ஃபோல்டர்’ என்ற வரிக்குப் பக்கத்தில் ஃபோல்டரைத் திறக்கும் பட்டன் இருக்கும். தண்டர்பேர்டிலும் அப்படியே. புரொஃபைல் எங்கே இருக்கிறது என்று தேடி அலைவதைவிட இதுவே நம்பகமான வழி. உபுண்டுவில் ஸ்னாப் என்ற தொகுப்பாக வரும் ஃபயர்ஃபாக்ஸ் வேறோர் இடத்தில் வைக்கிறது, ஃபிளாட்பேக் தொகுப்பாக வருவது இன்னோர் இடத்தில். ஃபோல்டரின் இடத்தைக் குறித்துக்கொண்டு, மென்பொருளை முழுவதும் மூடுங்கள். மூடிய பிறகே காப்பி. திறந்திருக்கும்போது எடுத்த காப்பியில் கடைசி நேர மாற்றங்கள் வராமல் போகும்.

பொதுப் பார்ட்டிஷனில் காப்பி ஆனதும் புரொஃபைல் மேனேஜரைத் திறக்க வேண்டும். விண்டோஸில் ‘ரன்’ பெட்டியில், லினக்ஸில் டெர்மினலில், மென்பொருளின் பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் அதை ஒட்டிப் பெரிய எழுத்து பி-யும் தட்டுங்கள். ‘கிரியேட் புரொஃபைல்’ கொடுத்து, பெயர் வைத்து, ‘சூஸ் ஃபோல்டர்’ வழியாகப் பொது இடத்தில் உள்ள ஃபோல்டரைக் காட்டுங்கள். மற்ற சிஸ்டத்திலும் இதே வேலை. அவ்வளவுதான்.

அந்த மேனேஜரில் ‘டெலிட் புரொஃபைல்’ என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் ‘டெலிட் ஃபைல்ஸ்’, ‘டோன்ட் டெலிட் ஃபைல்ஸ்’ என்று கேட்கும். தவறான பெயரில் புரொஃபைல் உருவாக்கிவிட்டோம், அழித்துவிட்டுத் திரும்பச் செய்யலாம் என்று முதலாவதை அழுத்தினால், பட்டியலில் உள்ள பெயர் மட்டும் போகாது. அது காட்டிக்கொண்டிருக்கும் ஃபோல்டருக்குள் உள்ள அத்தனையும் போய்விடும். மெயில் புரொஃபைலாக இருந்தால் மொத்த மெயிலும். எப்போதும் இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள். பழைய மூல ஃபோல்டரையும் ஒரு மாதம் தொடாமல் வைத்திருங்கள்.

இரண்டு பக்கமும் ஒரே பதிப்பு ஓட வேண்டும். 2019 மே மாதம் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 67 முதல், புதிய பதிப்பு தொட்ட புரொஃபைலைப் பழைய பதிப்பு திறக்க மறுக்கிறது. புதிய புரொஃபைல் உருவாக்கச் சொல்கிறது. டெபியன் லினக்ஸில் இருப்பது நீண்ட கால ஆதரவுப் பதிப்பு. விண்டோஸில் நீங்கள் இறக்குவது வழக்கமான பதிப்பு. இரண்டும் ஒரே புரொஃபைலில் ஒத்துப்போகாது. தண்டர்பேர்டிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது: 2025 மார்ச் முதல் அதன் தளத்தில் இயல்பாக இறங்குவது மாதாந்திரப் பதிப்பு, பல லினக்ஸ் விநியோகங்கள் தருவதோ நீண்ட கால ஆதரவுப் பதிப்பு. விண்டோஸில் நீண்ட கால ஆதரவுப் பதிப்பையே தேர்ந்தெடுத்து இறக்கிவிட்டால் மெயிலுக்குப் பெரும்பாலும் சரியாகிவிடும். விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு ஃபயர்ஃபாக்ஸ் 115-தான் கடைசி. அவர்கள் புதிய லினக்ஸோடு புரொஃபைலைப் பகிர முடியாது. ஸ்னாப் பதிப்புகளுக்கு வீட்டு ஃபோல்டருக்கு வெளியே போகத் தனி அனுமதி வேண்டும். அந்தத் தலைவலி வேண்டாம் என்றால், மோசில்லா தன் சொந்தக் களஞ்சியத்திலிருந்து தரும் டெப் தொகுப்பை உபுண்டுவில் போட்டுக்கொள்ளலாம்.

புரொஃபைல் ஒன்றானாலும் சிஸ்டம் இரண்டு என்பது சில இடங்களில் தெரியும். டவுன்லோட் ஃபோல்டரை விண்டோஸில் குறித்தால் அந்தப் பாதை லினக்ஸில் இல்லை. ‘எங்கே சேமிப்பது என்று ஒவ்வொரு முறையும் கேள்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். தமிழ் எழுத்துருவிலும் இதே கதை. தமிழுக்கு நிர்மலா யுஐ என்று விண்டோஸில் நீங்கள் தேர்ந்தெடுத்தது புரொஃபைலில் பதிவாகும். லினக்ஸில் அந்த எழுத்துரு கிடையாது, பிரவுசர் கையில் கிடைத்த வேறொன்றைப் போட்டுக் காட்டும். இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழை இரண்டு பக்கமும் நிறுவி, அதையே தேர்ந்தெடுத்துவிட்டால் தமிழ்ப் பக்கங்கள் இரண்டிலும் ஒரே மாதிரி தெரியும்.

கடிகாரம்

மெயில் இருக்கும் கம்ப்யூட்டரில் கடிகாரத்தையும் பார்த்துவிட வேண்டும். மதர்போர்டில் உள்ள கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதுகிறது. லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பவர்களுக்கு வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி நேரம். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்ததும் காலை 10 மணி, அதிகாலை 4.30 என்று தெரிந்தால் காரணம் இதுதான். அந்த நிலையில் அனுப்பிய மெயிலில் அந்தத் தவறான நேரமே பதிவாகும். பெறுகிறவரின் பட்டியலில் அது கீழே போய்ப் பதுங்கிக்கொள்ளும். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றும் கட்டளையும் உண்டு, விண்டோஸை உலக நேரத்துக்கு மாற்றும் ரெஜிஸ்ட்ரி பதிவும் உண்டு. ஏதாவது ஒரு பக்கத்தில் மட்டும் செய்யுங்கள். இரண்டிலும் செய்தால் தவறு அப்படியே திரும்பிவிடும்.

பாதுகாப்பு

பொதுப் பார்ட்டிஷனில் உள்ள புரொஃபைலை அந்தக் கம்ப்யூட்டரில் எந்த சிஸ்டத்தைத் திறப்பவரும் படிக்கலாம். லினக்ஸில் வலுவான பாஸ்வேர்ட் வைத்திருப்பதால், விண்டோஸ் வழியாக உள்ளே வருகிறவரைத் தடுக்க முடியாது. ஃபயர்ஃபாக்ஸிலும் தண்டர்பேர்டிலும் ‘பிரைமரி பாஸ்வேர்ட்’ வையுங்கள். சேமித்த பாஸ்வேர்டுகளுக்காவது பூட்டு இருக்கும். மெயில்களுக்கு அந்தப் பூட்டும் கிடையாது. பார்ட்டிஷனை விண்டோஸின் பிட்லாக்கரால் பூட்டலாம். ஆனால் லினக்ஸ் அதை ஒவ்வொரு முறையும் திறக்க வேண்டிவரும், பாஸ்வேர்டும் ரெக்கவரி கீயும் கையில் இல்லாவிட்டால் இரண்டு சிஸ்டமும் வெளியே நிற்கும். வீட்டில் பலர் புழங்கும் கம்ப்யூட்டர் என்றால், பொதுப் புரொஃபைல் வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே சர்வர் வழியே சரி.

எந்த வழியில் போனாலும், விண்டோஸையோ லினக்ஸையோ மறுபடி நிறுவும் நாளுக்கு முன், புரொஃபைல் ஃபோல்டரை எக்ஸ்டர்னல் டிஸ்குக்குக் காப்பி செய்யுங்கள். மென்பொருள்களை மூடிவிட்டுக் காப்பி செய்யுங்கள். பிறகு அந்தக் காப்பியிலிருந்து வேறொரு பெயரில் ஒரு புரொஃபைலைத் திறந்து, ஒரு பழைய மெயிலும் சேமித்த ஒரு பாஸ்வேர்டும் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்த பிறகே இன்ஸ்டாலரைத் தொடங்குங்கள்.